நிழலில் கறுப்பு இல்லாத படம்: ஒரு மோனே அச்சும் அதை எடுத்துக் கொடுத்த இரண்டு கடைகளும்

எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரில், முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் வந்து விழும் இடத்தில், நான்கு மாதங்களாக ஓர் இயற்கைக் காட்சி ஓவியத்தின் அச்சுப்படி தொங்குகிறது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1890-91இல் வரைந்த கதிர்ப்போர் வரிசையில் ஒன்று அது. மூல ஓவியம் ‘கோடையின் முடிவு’ என்ற துணைப்பெயரோடு அமெரிக்காவில் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. உரிமைக் காலம் முடிந்த ஓவியங்களின் நல்ல தரமான கோப்புகளை அந்த அருங்காட்சியகமே தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. அந்தக் கோப்பை இறக்கி, தஞ்சாவூரில் ஒரு டிஜிட்டல் அச்சகத்தில் கேன்வாஸ் துணியில் அச்சிட்டு, கும்பகோணத்தில் சாமி படங்களுக்கும் தஞ்சாவூர் ஓவியங்களுக்கும் சட்டம் போடும் ஒரு கடையில் கொடுத்துச் சட்டம் போட்டேன். முதல் அச்சு வீணாயிற்று. இரண்டாவது அச்சு மிக நன்றாக அமைந்தது. இதே வேலையைச் செய்ய நினைக்கும் டெல்டாக்காரர்கள் சிலராவது இருப்பார்கள் என்று நம்பி, இரண்டு கடைகளின் வேலையையும் விரிவாக மதிப்பிட்டு எழுதுகிறேன். ஆனால் முதல் அச்சு ஏன் வீணாயிற்று என்பதைச் சொல்ல வேண்டுமானால், அந்த ஓவியத்தின் உணர்வு எங்கே இருக்கிறது, அது எந்த வேலைப்பாட்டால் வந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

படத்தில் இருப்பவை மிகக் குறைவு. அறுத்து முடித்த ஒரு வயல். அதில் பெரியதும் சிறியதுமாக இரண்டு போர்கள். பின்னால் ஒரு மரவரிசையும் பண்ணை வீடுகளின் கூரைகளும். அதற்கும் பின்னால் நீலம் பூத்த குன்று. அதன் மேல் ஓர் ஒடுங்கிய வானம். மனிதர்கள் இல்லை, மாடு இல்லை, வண்டி இல்லை. வடக்குப் பிரான்சில் ஜிவெர்னி என்ற ஊரில் 1883 முதல் மோனே குடியிருந்தார். தன் வீட்டுக்கு அருகில் இருந்த வயலில்தான் இந்தப் போர்களைப் பார்த்தார். ஏறத்தாழ 25 ஓவியங்களை ஒரே பொருளை வைத்து, கோடை கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் பனிக்காலத்திலும், காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் வரைந்தார். அவற்றில் 15 ஓவியங்கள் 1891 மே மாதம் பாரிசில் துராந்-ருயல் காட்சிக்கூடத்தில் ஒன்றாக வைக்கப்பட்டன.

தமிழில் இந்த வரிசையை ‘வைக்கோற்போர்கள்’ என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். படம் வீட்டுக்கு வந்த அன்று, எழுபது வயதைக் கடந்த என் அப்பா, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு சொன்னார்: “இது வைக்கப்போரு இல்லப்பா. கதிரோட அடுக்கின போரு. மேல கூரை வேய்ஞ்ச மாதிரி வேய்ஞ்சிருக்கான் பாரு, மழை உள்ள இறங்கக் கூடாதுன்னு. வெறும் வைக்கலுக்கு எவன் இவ்வளவு மெனக்கெடுவான்?” அவர் சொன்னது முழுக்கச் சரி. ஜிவெர்னி வயலில் நின்றவை அடிக்காத கோதுமைக் கதிர்க்கட்டுகளை அடுக்கிய போர்கள். 15 முதல் 20 அடி உயரம் இருக்கும். கதிரடிக்கும் இயந்திரம் ஊர் ஊராகச் சுற்றி வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அதுவரை மணி நனையாமலும் எலி புகாமலும் காக்க, மேற்புறத்தைக் கூம்பாக வைக்கோலால் வேய்ந்து வைப்பார்கள். உருவத்தைப் பார்த்தே அப்பாவுக்கு இது பிடிபட்டது. தன் கையால் போர் போட்டவர் அவர். அடியில் விரித்துப் போட்டு, நடுவை உயர்த்தி, விளிம்பை மிதித்து மிதித்து ஏற்றிக்கொண்டு போகும்போது, எந்த இடத்தில் சரிவு மாற வேண்டும் என்பது அவருடைய காலுக்குத் தெரியும்.

இந்த ஒரு திருத்தம் ஓவியத்தின் உணர்வையே மாற்றிவிடுகிறது. வைக்கோல் என்றால் எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு மிஞ்சியது, மாட்டுக்குப் போவது. கதிரோடு நிற்கும் போர் என்றால் ஒரு வருஷத்துச் சாப்பாடு, ஒரு குடும்பத்தின் கையிருப்பு, இன்னும் அளக்கப்படாத விளைச்சல். மோனே அந்த வயலில் மனிதர்களை விட்டுவிட்டு, அவர்களுடைய உழைப்பின் முழுக் கனத்தையும் இரண்டு உருவங்களில் ஏற்றி வைத்திருக்கிறார். பின்னால் உள்ள வீட்டுக் கூரைகளின் சரிவும் போரின் முகட்டுச் சரிவும் ஒத்த வடிவில் இருப்பதைக் கவனித்தால், போரும் ஒரு வீடுபோலவே நிற்பது தெரியும். நெல் நிறைந்த களத்துமேட்டில் இரவுக் காவலுக்குப் படுத்தவர்களுக்கு இந்த உணர்வைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

துணைப்பெயரில் மட்டும் நாம் ஏமாந்துவிடக் கூடாது. ‘கோடையின் முடிவு’ என்றால் நம் மனத்தில் எழுவது வேறு. வெடித்துக் கிடக்கும் வயல், வற்றிய வாய்க்கால், ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சு. நமக்குக் கோடை முடிவது ஒரு தொடக்கம். குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும் நேரம். பிரான்சின் வடக்கிலோ கோடை முடிவது அறுவடையின் முடிவு. வெளிச்சம் சுருங்கத் தொடங்கி, குளிர் வருவதற்கு முந்தைய காலம். ஆகவே இந்தப் படத்தில் உள்ள இளஞ்சூட்டை நம் சித்திரை வெயிலாகப் பார்க்கக் கூடாது. அதற்கு நெருக்கமாக நம்மிடம் ஒன்றைத் தேடினால், சம்பா அறுப்பு முடிந்த தை மாதத்து மாலைதான் வரும். வெயில் சுடாமல் மேலே படியும் அந்த ஒரு மணி நேரம். நிறைவு இருக்கிறது, கூடவே பொழுது போகிறது என்ற ஒரு தவிப்பும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருப்பதுதான் இந்த ஓவியத்தின் மனநிலை என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தவிப்பு ஓவியருக்கும் இருந்தது. 1890 அக்டோபரில் தன் நண்பரான விமர்சகர் ஜெஃப்ருவாவுக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பருவத்தில் சூரியன் மிக விரைவாக இறங்கிவிடுவதால் அதோடு ஈடுகொடுத்து வரைய முடியவில்லை என்று மோனே வருந்துகிறார். தான் பிடிக்க நினைப்பது அந்தக் கணத்தையும், எல்லாப் பொருள்கள் மேலும் ஒன்றுபோலப் பரவி நிற்கும் ஒளியாகிய ‘உறை’யையும் என்று அதே கடிதத்தில் குறிப்பிடுகிறார். உறை என்ற அந்தச் சொல்லை நான் இந்தப் படத்துக்குத் திறவுகோலாக வைத்திருக்கிறேன். போருக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் காற்றையும் அவர் வரைகிறார். ஈரமும் தூசியும் வெளிச்சமும் கலந்த காற்று. ஒளி மாறியதும் வரைந்துகொண்டிருந்த துணியை எடுத்துவிட்டு, அந்த ஒளிக்கு உரிய வேறு துணியை மாட்டிக்கொண்டு தொடர்வது அவருடைய முறை. பல துணிகள் ஒரே சமயத்தில் வளர்ந்தன. பிறகு வீட்டுக்குள் வைத்தும் அவற்றைத் திருத்தி முடித்தார். ஆகவே ஒரே மூச்சில் அவசரமாகத் தீற்றிய படம் என்று இதை நினைப்பது தவறு.

இப்போது நிழலுக்கு வருகிறேன். இந்த அச்சின் வெற்றியும் தோல்வியும் அந்த இடத்தில்தான் தீர்மானமாயின.

வயலின் மேல் போரின் நிழல் விழுந்து கிடக்கிறது. சாதாரணமாக நிழல் என்றால் நாம் கறுப்பையோ சாம்பலையோ நினைக்கிறோம்; பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பென்சிலால் தேய்க்கச் சொல்லித் தந்தார்கள். மோனேயின் நிழலில் நீலமும் ஊதாவும் பச்சையும் நுழைந்து கிடக்கின்றன. நடுவே இளஞ்சிவப்புத் தீற்றல்கள்கூட உண்டு. மோனே 1905இல் தான் பயன்படுத்தும் வண்ணங்களை ஒரு கடிதத்தில் வரிசைப்படுத்தினார்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. கறுப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. இருட்டு வேண்டிய இடத்தில், அடர்ந்த வண்ணங்களை ஒன்றோடொன்று சேர்த்தே அவர் இருட்டை உண்டாக்கினார். அதனால் அந்த நிழலுக்குள்ளும் வெளிச்சம் இருக்கிறது. மாலை வெயில் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும்போது, அதன் எதிர் வண்ணமான நீலமும் ஊதாவும் நிழலில் நம் கண்ணுக்குத் தோன்றும். தை மாத மாலையில் களத்து மண்ணில் விழும் உங்கள் நிழலையே கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அது கறுப்பாக இருக்காது.

அருகருகே வைத்த வண்ணங்கள் ஒன்றையொன்று மாற்றும் என்பதை நெசவு நூலின் வழியாகக் கண்டுபிடித்தவர் ஒரு வேதியியல் அறிஞர். பாரிசின் கோப்லென் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த ஷெவ்ரல், சாயம் சரியில்லை, கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்த வண்ணத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதை ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். பிற்கால ஓவியர்கள் அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டார்கள். இதைக் கேட்டு வியப்படையக் கும்பகோணத்துக்காரர்களுக்குக் காரணம் இல்லை. பக்கத்தில் திருபுவனத்தில் ஒரு மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை எடுத்து மடித்துப் பாருங்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நூலில் எங்கேயும் இல்லாத மூன்றாவது நிறம் துணியில் பளிச்சிடும், புடவையை அசைத்தால் அதுவும் அசையும். மோனேயின் வயலில் மஞ்சள் தீற்றல்களுக்கு இடையே இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும் ஓடுவது ஏறக்குறைய இந்த வேலைதான். மூன்றடி தூரத்தில் அவை தனித்தனித் தீற்றல்கள். பத்தடி தூரத்தில் வெயில் படிந்த தாள்க்கட்டை நிறைந்த வயல். (அவர் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தவர் அல்லர், பல இடங்களில் ஈரம் காயாமலே வண்ணங்களைத் துணியிலேயே குழைத்திருக்கிறார். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

தஞ்சாவூர் அச்சகத்தில் நடந்தது இதுதான். கோப்பைக் கொடுத்தேன். கணினி முன்னால் இருந்த இளைஞர் நல்ல வேலைக்காரர். கல்யாண ஆல்பமும் கட்சி பேனரும் ஓயாமல் வரும் கடை அது. “கலர் டல்லா இருக்கு சார், கொஞ்சம் தூக்கி விடறேன்” என்று சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன், அந்த ஒரு தலையாட்டலுக்காக இன்றும் வருந்துகிறேன். இரண்டு நாள் கழித்து வந்த அச்சில் வானம் நாட்காட்டிப் படத்து வானம்போல நீலமாக இருந்தது. போரின் விளிம்பில் இருந்த மெல்லிய ஆரஞ்சு நெருப்புப் பிடித்ததுபோல எரிந்தது. நிழல் இருந்த இடத்தில் கரித்துணி விரித்ததுபோல ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது. கட்டை விரல் அகலத்தில் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்: பெரிய போரின் அடி, நிலத்தைத் தொடும் இடம். திரையில் பார்த்தபோது அந்தச் சிறு இடத்தில் அடர்நீலத்தின் மேல் ஊதா, ஊதாவின் ஓரத்தில் ஒரு பச்சை, அதற்கு அடுத்து வெயில் தொடங்கும் இடத்தில் மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு என்று நான்கு வண்ணங்கள் இருந்தன. அச்சில் அந்த நான்கும் ஒரே கறுப்பாகிவிட்டன. போர் தரையில் உட்காரவில்லை; வெட்டி ஒட்டியதுபோல நின்றது. உறை என்று மோனே சொன்ன காற்று முழுவதும் போய்விட்டது.

இதற்கு வெறும் ‘தூக்கிவிட்டது’ மட்டும் காரணம் இல்லை என்பதை அந்த இளைஞரோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் புரிந்துகொண்டேன். சாதாரண அச்சு இயந்திரத்தில் நான்கு மைகள்: நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையின் வண்ணத்தை மைக்கு மாற்றும்போது, மூன்று வண்ண மைகளும் சேர்ந்து உண்டாக்கும் மங்கலான பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறுப்பு மையைப் போட்டுக்கொள்வது மென்பொருளின் இயல்பு. மை மிச்சமாகும், துணி சீக்கிரம் காயும், எழுத்து கூர்மையாக வரும். பேனருக்கு அது மிகச் சரி. ஆனால் கறுப்பைத் தொடாமல் ஓர் ஓவியர் கட்டிய நிழலை இயந்திரம் கறுப்பை ஊற்றி நிரப்பிவிடுகிறது. ஓவியத்தின் வேலைப்பாட்டுக்கு நேர் எதிரான வேலை அது.

அந்தக் கடையைப் பாராட்ட வேண்டிய இடம் இதுதான். குறையைச் சொன்னதும் முகம் சுளிக்கவில்லை. அவர்களிடம் வெளிர்நீலம், வெளிர்மெஜந்தா ஆகிய மைகளும் சேர்ந்த ஆறு வண்ண இயந்திரம் ஒன்றும் இருந்தது. புகைப்படத் தாளுக்காக வைத்திருந்ததில் கேன்வாஸும் ஓடும் என்றார்கள். கறுப்பு மையின் பங்கை மிகவும் குறைத்து, கோப்பின் வண்ணத்தில் கை வைக்காமல், நிழலும் வெயிலும் சந்திக்கும் பகுதியை மட்டும் ஆறு அங்குலத் துண்டாக அச்சிட்டுக் காட்டினார்கள். முதல் துண்டில் ஊதா சிவந்துவிட்டது. இரண்டாவது துண்டில் சரியாக வந்தது. அந்தத் துண்டை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது, நிழலின் ஓரத்தில் அந்தப் பச்சை தெரிந்தது. நீங்கள் எந்த அச்சகத்துக்குப் போனாலும் முழுப் படத்தை அச்சிடும் முன் சாம்பிள் துண்டு கேளுங்கள். கேட்கும்போது வானத்தையோ போரையோ கேட்காமல் நிழலைக் கேளுங்கள். துண்டுக்கு 60 ரூபாய் வாங்கினார்கள். கொடுத்த காசில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

அளவு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மூல ஓவியம் ஏறக்குறைய 60 செ.மீ. உயரம், 100 செ.மீ. அகலம், அதாவது மூன்றுக்கு ஐந்து. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டங்கள் 20க்கு 30 அங்குலம், 24க்கு 36 அங்குலம். மூன்றுக்கு ஐந்து கிடைக்காது. முதல் அச்சை 20க்கு 30 சட்டத்துக்குப் பொருத்துவதற்காகப் பக்கவாட்டில் மூன்றரை அங்குலத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டியது வெறும் வயல்தானே என்று தோன்றும். அந்த வெறும் வயல்தான் இரண்டு போர்களுக்கும் மூச்சுவிட இடம் தருகிறது. அது போனதும் போர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, படத்தில் இருந்த அமைதி கெட்டது. இரண்டாவது முறை 18க்கு 30 என்று அளந்து கொடுத்தேன். கோப்பின் அளவுக்கு அதில் ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளிகள் விழுகின்றன. தாளாக இருந்தால் இன்னும் வேண்டும். கேன்வாஸின் நெசவு அந்தக் குறையை மறைத்துவிடுகிறது. மூலத்தின் அளவுக்கே அச்சிடும் ஆசையை அடக்கிக்கொண்டது நல்லதாயிற்று.

அச்சு தர முடியாத ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. மோனே வண்ணத்தைத் தடிப்பாக வைத்தவர். வெயில் படும் இடங்களில் வண்ணம் துணியிலிருந்து மேடாக எழுந்து நிற்கும். அந்த மேட்டின் மேல் அறையின் வெளிச்சம் பட்டு, வரைந்த வெயிலோடு உண்மையான வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். அச்சில் எல்லாம் ஒரே சமதளம். இதை ஈடுகட்ட அச்சின் மேல் தெளிந்த ஜெல்லைத் தூரிகையால் பூசித் தருகிறோம் என்றார்கள். கூடுதலாக 300 ரூபாய். பூசி வைத்திருந்த வேறொரு படத்தைப் பார்த்தேன். படத்தில் தீற்றல்கள் ஒரு திசையில் ஓட, ஜெல் தீற்றல்கள் வேறொரு திசையில் ஓடின. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பளபளப்பான லேமினேஷனும் வேண்டாம் என்றேன். கணத்தின் ஒளியை வரைந்த, மோனேயும் சேர்ந்த இம்ப்ரெஷனிஸ்ட் குழு ஓவியர்களில் பலர் தங்கள் படங்களின் மேல் வார்னிஷ் பூசுவதையே விரும்பவில்லை. மேற்பரப்பு மங்கலாகவும் உலர்ந்தும் இருந்தால்தான் வண்ணங்கள் ஒன்றோடொன்று பேசும். நமக்கும் மேட் பூச்சு போதும். தூசி துடைக்க அது உதவுகிறது.

சட்டம் போட்ட கும்பகோணத்துக் கடையைப் பற்றி எனக்கு முழு மதிப்பு. மூன்று தலைமுறையாகச் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் குடும்பம். கடையில் நுழைந்ததும் தவழும் கிருஷ்ணர், பட்டாபிஷேக ராமர் என்று தங்க ரேக்கு மின்னும் தஞ்சாவூர் ஓவியங்கள். மோனேயின் அச்சைப் பக்கத்தில் சாய்த்து வைத்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வைத்து எழுப்பிய வேலையின் மேல் ஒட்டிய ரேக்கிலிருந்து வெளிச்சம் புறப்படுகிறது. தெய்வமே வெளிச்சம், ஆகவே அங்கே நிழலுக்கு இடமில்லை. மணி என்ன, பருவம் என்ன என்று அந்தப் படத்திடம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. மோனேயின் படத்திலோ வெளிச்சம் வெளியிலிருந்து வந்து போகிறது. மணியும் பருவமும்தான் அதன் பொருள். இந்த இரண்டையும் ஒரே சுவரில் மாட்டக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். ஒன்றுக்கொன்று குறைந்தது என்பதால் அல்ல, பார்க்கும் முறை வேறு என்பதால்.

கடைக்கார அண்ணன் முதலில் தங்க வண்ணச் சட்டத்தை எடுத்து வைத்தார். தங்கத்துக்குப் பக்கத்தில் வயலின் மஞ்சள் செத்துப் போயிற்று. ஷெவ்ரல் சொன்னதைக் கண்ணால் கண்டேன். அடுத்துக் கறுப்புச் சட்டம். அதில் நிழல் மேலும் இருண்டது. இம்ப்ரெஷனிஸ்டுகளில் பிஸ்ஸாரோவும் தெகாவும் வெள்ளைச் சட்டங்களை முயன்று பார்த்தவர்கள் என்பது நினைவில் இருந்ததால், வெள்ளை கேட்டேன். “சுண்ணாம்பு வெள்ளை வேணாங்க, கண்ணை இழுக்கும். தேக்கிலேயே பாலிஷ் இல்லாம, லேசா வெள்ளை தேய்ச்சுத் தரேன்” என்றார் அவர். அது சரியான யோசனை. முக்கால் அங்குல அகலத்தில், மரத்தின் ரேகை தெரியும்படி, அரிசி கழுவிய நீர்போன்ற வெண்மையில் சட்டம் அமைந்தது. போரின் சூடான வண்ணங்கள் அதன் பக்கத்தில் தெளிவாக எழுந்தன. மோனேயின் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. ஆனால் படத்தைப் பார்த்துச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் கண் அவருக்கு இருக்கிறது.

கண்ணாடி போடவில்லை. டெல்டாவின் ஈரத்துக்கு அதுவே நல்லது என்றார்; ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடிக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்குமாம். துணியை இழுத்துக் கட்டியிருக்கும் உள்சட்டத்தின் நான்கு மூலையிலும் சிறு ஆப்பு வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் துணி தொய்ந்தால் அதைத் தட்டி இழுத்துக்கொள்ளலாம். சுவர் ஓதம் படத்தின் முதுகில் ஏறாமல் இருக்கச் சட்டத்தின் பின்னால் கார்க் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டார். இரண்டாவது அச்சுக்கும் உள்சட்டத்துக்கும் 1,400 ரூபாய், வெளிச்சட்டத்துக்கு 1,100 ரூபாய். வீணான முதல் அச்சுக்கு அச்சகம் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தது. ஒரே குறை, சட்டக் கடையில் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதம். முகூர்த்த நாள்கள் நெருங்கும் சமயத்தில் அங்கே வேலை கொடுக்காதீர்கள்.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒரு செய்தி. முதலில் வெள்ளை எல்இடி விளக்குக்கு நேர் கீழே மாட்டினோம். இரவில் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் சாம்பல் பூத்துத் தெரிந்தன. மஞ்சள் சாயல் கொண்ட 3000 கெல்வின் விளக்கை மாற்றியதும் வயல் திரும்ப உயிர்பெற்றது. ஆனாலும் இந்தப் படத்தைப் பார்க்கச் சரியான நேரம் மாலை நாலரை மணி. முற்றத்து வெளிச்சம் சாய்ந்து கூடத்துக்குள் வரும்போது, நிழலில் இருக்கும் ஊதா மெல்ல மேலே வருகிறது, ஐந்தரைக்குள் அடங்கிவிடுகிறது. 1896இல் மாஸ்கோவில் இந்த வரிசையின் ஓர் ஓவியத்தைப் பார்த்த ரஷ்ய ஓவியர் காந்தின்ஸ்கிக்கு, அது போர் என்பதே முதலில் பிடிபடவில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், ஆனாலும் அந்த வண்ணங்கள் அவரை விடவில்லை. எங்கள் வீட்டில் நேர்மாறாக நடக்கிறது. வருகிறவர்கள் முதலில் போரைக் கண்டுகொள்கிறார்கள். பிறகுதான் வண்ணத்துக்கு வருகிறார்கள். பெல்ட் அறுவடை வண்டி அறுத்துத் தள்ள, பின்னாலேயே இயந்திரம் வைக்கோலை உருளையாகச் சுருட்டி வயலிலேயே விட்டுச் செல்லும் இந்த நாளில், என் மகளின் வயதுப் பிள்ளைகள் முழுப் போர் ஒன்றைப் பார்த்ததே இல்லை. அவளுக்குப் போர் போடும் முறையை அப்பா விளக்கியது இந்தப் படத்தை வைத்துத்தான். சரிவு மாறும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மேட் பூச்சு இருந்ததால் கறை படியவில்லை.

அதே வரிசையில், அதே அருங்காட்சியகத்தில் உள்ள ‘சூரியன் மறையும் நேரம், வெண்பனி’ படத்தின் கோப்பையும் இப்போது அச்சகத்தில் கொடுத்திருக்கிறேன். நம் மார்கழிப் பனி அல்ல அது. தரையை மூடிக் கிடக்கும் பனி. நிழலுக்குச் சொன்னது அங்கே வெள்ளைக்கும் பொருந்தும்: அந்தப் பனியில் துணியின் வெறும் வெள்ளை தெரிந்தால் அச்சு தவறு, நீலமும் இளஞ்சிவப்பும் தெரிய வேண்டும். சாம்பிள் துண்டு வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.